அங்குஸ்தான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு வந்தபோது, விண்வெளியைப் பற்றி எழுது என்றார்கள் தோழியர். விண்வெளியைப் பற்றி எழுத நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, விரல் நுனியில் அடங்கிவிடும் ஒரு சின்னஞ்சிறு பொருளைப் பற்றி. அதன் பெயர் அங்குஸ்தான்.

கையால் தைப்பவர்கள் ஊசியைத் துணிக்குள் தள்ளும்போது, அதன் காதுப் பக்கம் விரலில் குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் உலோக உறை அது. பாரசீகத்தில் 'அங்குஷ்த்' என்றால் விரல். அந்தச் சொல் உருது வழியாக நம் தையற்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரம் 15, 16ஆம் நூற்றாண்டுகளிலேயே பித்தளை அங்குஸ்தான்களுக்குப் பேர்போனதாம். ஆனால் மேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குள் அது வந்தது சென்ற ஆண்டுதான்.

என் அம்மா கையெழுத்துப் போட மட்டுமே அறிந்தவர். தையற்கடையிலிருந்து சட்டைகளை வாங்கி வந்து காஜா எடுப்பார், பட்டன் தைப்பார். ஒரு சட்டைக்கு ஆறு, ஏழு காஜா. வேலை குறைந்த நாட்களில், பழைய சேலைகளை எட்டு அடுக்காக மடித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைகளுக்கு விரிப்புத் தைத்துக் கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசல் வரை என்னைக் கொண்டுவந்து விட்டது அந்த ஊசிதான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் முதலாண்டில் தோழியர் கேட்டபோது, "அம்மா வீட்டில்தான் இருக்கிறார்" என்று சொன்னவளும் நான்தான்.

சென்ற ஆண்டு ஒரு நாள் விரிப்பு ஒன்றில் ரத்தப் பொட்டு இருந்தது. அம்மாவின் நடுவிரல் வெடித்திருந்தது. "சர்க்கரை இருக்கிறது, கையில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். அம்மாவோ, "இருபது வருஷமாக் குத்துற ஊசி, இன்னைக்கா புதுசாக் குத்துது?" என்று மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடியும் ஊசியை எடுத்தார்.

அன்றிரவு நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ எடையளவு விசையோடு தள்ளுகிறார் என்று கொள்வோம். அதாவது சுமார் 10 நியூட்டன். ஊசியின் காதுப்பக்க முனை அரைச் சதுர மில்லிமீட்டர் எனில், விரலில் விழும் அழுத்தம் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம்! அதே விசை உலோகத்தில் விழுந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் பரவினால் ஒரு வளிமண்டலம்தான். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதிய 'அழுத்தம் = விசை / பரப்பு' என்ற வாய்பாடு, அம்மாவின் விரலில் ரத்தமாக நின்றது.

புதுமைப் பெண் திட்டத்தில் என் கணக்கில் வந்த பணத்தில் ஓர் எஃகு அங்குஸ்தான் வாங்கினேன். அது பெரிதாக இருந்தது. அம்மா கையை உதறியதும் உருண்டோடிக் கட்டிலுக்கடியில் போய் நின்றது. அடுத்து வாங்கியது சிறிது; மாலைக்குள் விரல் நுனி வெளுத்து மரத்துவிட்டது. பகல் முழுதும் வேலை செய்த விரல் மாலையில் சற்றே வீங்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

நான் இயற்பியல் மாணவி ஆயிற்றே! வேலை செய்யும் நேரம் பார்த்து அம்மாவின் விரலைச் சுற்றி நூல் வைத்து அளந்தேன். 52 மில்லிமீட்டர். பையால் வகுத்தால் விட்டம் பதினாறரை. ஆய்வகத்தில் வெர்னியர் அளவியால் இரண்டு அங்குஸ்தான்களின் உள்விட்டத்தையும் அளந்தேன். ஒன்று 18, மற்றொன்று 15. மூன்றாவதாகப் பதினேழுக்குச் சற்றுக் குறைவான ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. வெற்றி என்று குதித்தேன். இரண்டு நாளில் அது ஜன்னல் திட்டில் கிடந்தது.

"அளவு சரியாத்தான் இருக்கு தாயி. போட்டா துணி தெரிய மாட்டேங்குது. நாலு சட்டை முடிக்கிற நேரத்துல ரெண்டுதான் முடியுது" என்றார் அம்மா. சட்டைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது சின்ன நட்டமில்லை.

மனம் கேட்காமல், மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிய கடைகளின் பக்கம் போனேன். அங்கே முதிய தையற்காரர் ஒருவரிடம் என் அளவுகளை எல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. உங்க அம்மாவுக்குக் காய்ப்பு எந்த இடத்துல இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை அது!

வீட்டுக்கு வந்து அம்மாவின் கையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். காய்ப்பு நுனியில் இல்லை. நகத்தின் ஓரத்தில், பக்கவாட்டில் இருந்தது. அம்மா ஊசியை நுனியால் தள்ளுவதில்லை; பக்கத்தால் தள்ளுகிறார். நுனி, துணியின் அடுக்குகளைத் தடவிப் பார்க்கும் கண். நான் அந்தக் கண்ணைத்தான் உலோகத்தால் மூடியிருந்தேன்.

மறுவாரம் அம்மாவையே அழைத்துச் சென்றேன். பெரியவர் நுனி திறந்த பித்தளை வளையம் ஒன்றை எடுத்தார். அதன் பக்கங்களில் ஊசி வழுக்காமல் இருக்கச் சிறு குழிகள். அம்மாவின் விரலில் மாட்டிப் பார்த்து, கழற்றி, கட்டையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். வட்டம் லேசாக நீள்வட்டமாயிற்று. விரல் வட்டமில்லை என்பதை அவர் எந்த அளவியும் இல்லாமல் அறிந்திருந்தார். "கையத் தொங்கப் போட்டு உதறும்மா" என்றார். விழவில்லை. "கழட்டு." இழுக்காமல் வந்தது. "ஒரு வாரம் கை தடுமாறும். விட்டுறாதே" என்றார்.

அந்த வாரம் கூலி குறைந்தது உண்மை. மாலையில் பட்டன்களை நான் தைத்துக் கொடுத்து ஈடுகட்டினேன். மூன்றாம் வாரம் அம்மா பழைய வேகத்தைப் பிடித்துவிட்டார். வெடிப்பு மூடிக்கொண்டது. காய்ப்பு மட்டும் இருக்கிறது, அது போகாது.

நண்பர்களே! கருவியை எடுத்தால் முதலில் சுழிப்பிழையைப் பார் என்று ஆய்வகத்தில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். என் வெர்னியர் அளவியில் பிழை இல்லை. நூலின் அளவிலும் பிழை இல்லை. அளக்கப் புறப்பட்ட என்னிடம்தான் இருந்தது. நம்மில் பலரும் இப்படிப்பட்ட கைகளிலிருந்து வந்தவர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கையை ஒரு முறை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள்.

இப்போது யாராவது கேட்டால், "என் அம்மா காஜா எடுக்கிறார்" என்றே சொல்கிறேன்.