அப்பர் திருவிழாவும் உழவாரத் தொண்டும்

உயிர்களுக்குத் தனு கரண புவன போகங்களைக் கூட்டிவைத்தவன் இறைவன் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தனு என்பது உடல். கரணம் மனம் முதலிய கருவி. புவனம் உறையும் உலகம். போகம் நுகரும் பொருள். இவற்றை நாடோறும் கைக்கொண்டு வாழும் மாந்தர், கொடுத்தவனை நினையாதிருத்தலேயன்றி, இவை கொடுக்கப்பட்டன என்பதனையும் மறந்தொழிகின்றனர். வரப்பின்மேல் நடப்பவன் தன் காலை நினைப்பதில்லை. மடை திறப்பவன் தன் கையை நினைப்பதில்லை. கொடிய விபத்தொன்று நேர்ந்தபொழுதே, நேற்றுவரை இயல்பெனத் தோன்றிய ஒவ்வொன்றும் அருளாற் கிடைத்ததென்பது புலனாகின்றது. அங்ஙனம் பிறந்த உணர்ச்சி எவ்வழிச் செல்லுதல் தக்கது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தஞ்சாவூரை அடுத்த களிமேடு என்னும் ஊரில் அப்பரடிகளின் சதய விழா வழிவழியாக நடைபெற்று வருவது. 2022-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது 94-ஆம் ஆண்டு விழாவாகும். ஏப்ரல் 27-ஆம் நாள், பொழுது புலருமுன், அடிகளை எழுந்தருளச்செய்த தேர் ஊர்வீதியில் வந்துகொண்டிருந்தது. அதனைத் திருப்பும்பொழுது அதன் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியிற் பட்டது. 11 பேர் உயிர் நீத்தனர். அவருள் இளஞ்சிறாரும் உளர். வேறு பலர் காயமுற்றனர். வழியில் நீர் தேங்கியிருந்தமையாற் பலர் தேரைவிட்டுச் சற்றே விலகி நின்றனர் என்றும், இன்றேல் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும் என்றும் அப்பொழுது கூறப்பட்டது.

இத்தகைய செய்தி கேட்டார் வாயில் இருவகைச் சொற்கள் பிறத்தல் இயல்பு. நீற்றறையிலும் நஞ்சிலும் மதயானையின் முன்னும் ஆழ்கடலிலும் அழியாது நின்ற நாவரசர், தம் விழாவிலேயே தம் அடியார்க்கு இது நேர விடுத்தது என்னை என்பது ஒன்று. அவரவர் வினை அவரவரைப் பற்றிற்று, செய்வது என் என்பது மற்றொன்று. முன்னது துயரத்திற் பிறந்த வினா. பின்னது துயரத்தை விரைந்து கைகழுவும் விடை. இரண்டனையும் அமைதியாக நோக்குதல் வேண்டும்.

முதல் வினாவுக்கு நாயனாரின் வரலாறே விடை தருகின்றது. நீற்றறையினின்றும் காக்கப்பட்ட அதே பெருமான் சூலை நோயால் வருந்தினார். கயிலைக்குச் செல்லும் வழியிற் கால்கள் தேய்ந்தன. கைகளால் தாவினார், அவையும் தேய்ந்தன. மார்பினால் ஊர்ந்தார், தசை கிழிந்தது. பின்னர்ப் புரண்டு புரண்டு சென்றார். அடியாரின் உடல் ஊறுபடாதென இறைவன் யாண்டும் உறுதி கூறியதில்லை. உடல் நிலைப்பினும் வீழினும் உயிர் திருவடியை விட்டு நீங்காது என்பதே அடியார்க்குள்ள உறுதி. ஆகலின் களிமேட்டில் மாய்ந்தாரை அருள் கைவிட்டதெனக் கருதுதல் சிறிதும் பொருந்தாது.

இனி, வினை என்னும் விடையை நோக்குக. பேறும் இழவும் சாக்காடும் பிராரத்தத்தின் வழி வருவன என்பது மெய்யே. ஆயின் அக்கணக்கை அறிந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே. அயல் நின்றார் அதனை எடுத்துப் படித்தல் இயலாது. ஒருவன் தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்கு இக்கொள்கை ஊன்றுகோலாகும். மகனை இழந்தாள் ஒருத்தியின்முன் அயலான் அதனை எடுத்துரைப்பானாயின், அவ்வூன்றுகோலே அவளை அடிக்கும் கோலாகும். ஐயாற்றுக்கு அணித்தாகிய திங்களூரில், அப்பரடிகளுக்கு அமுது படைக்கக் குருத்து அரியச் சென்ற அப்பூதியடிகளின் மைந்தன் அரவு தீண்டி மாண்டான். அது கேட்ட நாயனார், பெற்றோர்க்கு ஊழின் வலியை விரித்துரைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாரல்லர். உடனே எழுந்து, உடலைத் திருக்கோயிலின் முன் கொணர்வித்து, இறைவனை நோக்கிப் பாடினார். பிறர்க்கு நேர்ந்த இடர் கண்டுழி அடியார் செய்வது யாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அன்றியும், வினையைச் சுட்டி வாளாவிருப்பார் ஆகாமியத்தை மறந்தோராவர். இன்று செய்யும் செயலும், செய்யத்தக்கது செய்யாத மடியும் புதுவினையாக ஏறுகின்றன. தவிர்த்தற்குரிய ஏதத்தைத் தவிராது விட்டுப் பின் பழவினை என்றல், சித்தாந்தத்தைத் தம் சோர்வுக்குப் போர்வையாக்குதலேயாம்.

விபத்தில் தப்பினாரது நிலையோ பெரிதும் எண்ணத்தக்கது. கால் நனையுமென்று தேங்கிய நீரை விலக்கி ஒருபுறம் ஒதுங்கிய ஒருவன், அவ்வொதுக்கத்தால் உயிர் பிழைத்தான் எனக் கொள்வோம். மறுநாள் அவன் காணும் வீடும் வயலும் பழையனவே. காணும் கண் பழையதன்று. இல்லாள் இடும் சோறும், வாய்க்காலில் வரும் காவிரி நீரும், திண்ணையில் உறங்கும் குழந்தையின் மூச்சும் எண்ணி எண்ணிக் கொடுக்கப்பட்டனவாக அவனுக்குத் தோன்றும். அதனோடு அச்சமும் தோன்றும். தான் இருக்க அயல்வீட்டுச் சிறுவன் மாண்டானே என்னும் நாணமும் தோன்றும். இந்நிலையில் உலகையே வெறுத்து ஒடுங்குவாரும் உளர்.

அத்தகையார்க்கு ஐயாற்று நிகழ்ச்சி பெருந்துணையாவது. உடல் முற்றும் சிதைந்த நாவரசர்க்கு இறைவன் வடகயிலையை ஆண்டுக் காட்டினானல்லன். பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றுக் குளத்தில் எழச்செய்தான். அங்கு அவர் கண்டவை யாவை? களிறும் பிடியும், சேவலும் பேடையும் எனச் சோழநாட்டார் நாளும் காணும் உயிர்களே துணையொடு வந்தன. அவற்றையே அவர் சத்தியும் சிவமுமாகக் கண்டார். பேரிடரைக் கடந்த கண்ணுக்கு எளிய அன்றாட வாழ்வே கயிலையாயிற்று என்க.

அக்காட்சி பெற்றவர் கைச்செயலை விட்டாருமல்லர். அதன் பின்னரும் திருப்புகலூரில் அவர் உழவாரம் ஏந்தியே நின்றார். ஆண்டுத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கையோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்தார். புல்லும் முள்ளும் களைந்து, அடியார் நடக்கும் வழியை ஊறின்றி ஆக்குதலே உழவாரத் தொண்டின் உயிர். அஃது அடிமை நெறியாகிய சரியையின் பாற்பட்டது. அக்காலத்து முள் நிலத்திற் கிடந்தது. இக்காலத்து முள் தலைக்குமேல் மின்கம்பியாகத் தொங்குகின்றது. தேர் புறப்படுமுன் அதன் உயரத்தை அளத்தலும், வீதியை உயர்த்தியபின் கம்பிக்கும் தேருக்கும் உள்ள இடைவெளியை மீண்டும் நோக்குதலும், உரியவரிடம் சொல்லி மின்னோட்டத்தை நிறுத்துவித்தலும், தேங்கிய நீரை வடித்தலும் உழவாரத் தொண்டேயாம். இவற்றை வேலையாட்களின் பணியென இகழ்வோர் நாவரசரின் கையிலிருந்த படையை இகழ்வோராவர்.

தஞ்சைப் பெரியகோயிலிற் குடமுழுக்கின் பொருட்டு அமைத்த வேள்விச்சாலையில் 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் தீப்பற்றி 48 பேர் மாண்டனர். அதன் பின்னர் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் அங்குக் குடமுழுக்கு இனிது நடைபெற்றது. இடர் நேர்ந்ததென வழிபாட்டை நிறுத்துதல் வேண்டா; இடரை மறந்து வழிபாட்டை நடத்துதலும் ஆகாது என்பதற்கு இவ்விரு நாள்களும் அறிகுறியாக நிற்கின்றன.

சித்திரைச் சதயந்தோறும் நாவரசர்க்கு மலர் தூவுவோர், அம்மலரோடு, வடம் பிடிக்க வரும் சிறுவன் விடிந்தபின் தன் தாயிடம் மீளுதற்குரிய வழியையும் செவ்விதாக்கி வைப்பாராக. களிமேட்டில் மாய்ந்த தொண்டர்க்குச் செய்யத்தக்க வழிபாடு அதுவே. அதற்கு வேண்டும் விழிப்பையும் அன்பையும் ஐயாறப்பன் திருவருள் கூட்டுவதாக.