பெட்டியின் மேல் எந்த ஊர்?

சி.டி.எச். சாலையிலிருந்து திருமுல்லைவாயல் பக்கம் பிரியும் தெருக்களில் பெயர்ப்பலகையைத் தேடினால் பட்டறை கிடைக்காது. கூலன்ட் எண்ணெயின் புளித்த வாடையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நான் போன இடத்தில் மூன்று சி.என்.சி. லேத்துகள், ஒரு கிரைண்டிங் மிஷின், கடைந்த பிசிறை (பர்) எடுக்கும் மேசையைச் சுற்றி நான்கு பெண்கள். செய்வது காரின் சஸ்பென்ஷனில் உட்காரும் எஃகு புஷ். கட்டைவிரல் நீளம்தான்.

அதன் பூர்வீகத்தை விசாரித்தேன். எஃகுக்குப் பெயர் ஈ.என்.8. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டன் வைத்த எண். அம்பத்தூர் இரும்புக் கடைகளில் இன்னும் அதைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். லேத்து பெங்களூர், அதன் கன்ட்ரோலர் ஜப்பான். செட்டர் அண்ணனுக்கு வந்தவாசி, இரவு ஷிஃப்ட் பையனுக்கு ஒடிசா. கடைந்த புஷ் ஹீட் ட்ரீட்மென்டுக்கு அம்பத்தூர் போய், முலாம் பூச இன்னொரு தெருவுக்குப் போய், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் ஆலையில் போய்ச் சேருகிறது. இதில் எந்த ஊரைப் பெட்டியில் அச்சடிப்பது?

ஆனால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரிபாகம் வாங்கப் போனால் ஊரைத்தான் முதலில் கேட்பார்கள். "கம்பெனி வேணுமா, லோக்கலா, டெல்லி சரக்கா, சைனாவா?" நாமும் ஏதோ விவரம் தெரிந்தவர் போல ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

செட்டர் அண்ணன் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் அப்ரன்டிஸாக இருந்து வேலை பழகியவர். ட்ராயிங்கை விரித்துக் காட்டினார். புஷ்ஷின் துளை 20 மில்லிமீட்டர், எச்7. அதாவது 20.000-க்குக் குறையக்கூடாது, 20.021-ஐத் தாண்டக்கூடாது. விளையாட இருக்கும் இடம் 21 மைக்ரான். தலைமுடி இதைவிட மூன்று மடங்கு தடிமன். "மிஷின்ல இருந்து எடுத்த சூட்டோட அளந்தா ஏமாந்துடுவீங்க சார்" என்றார். கணக்குப் போட்டால் சரிதான்: 30 டிகிரி கூடுதல் சூட்டில் அந்தத் துளை ஏறத்தாழ 7 மைக்ரான் விரிந்து நிற்கும். அனுமதித்த அளவில் மூன்றில் ஒரு பங்கை வெறும் சூடே தின்றுவிடுகிறது. உலகம் முழுக்க நீள அளவுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. மே மாத ஆவடியில் அதற்கு ஏ.சி. அறைதான் வேண்டும், இங்கே அறை இருந்தது, தடுப்புக் கண்ணாடியோடு, முதலாளியின் அறையைவிடக் குளிராக.

மேசையில் இருந்த அக்கா ஒவ்வொரு புஷ்ஷிலும் பிளக் கேஜை விட்டுப் பார்க்கிறார். ஒரு முனை நுழைய வேண்டும். சிவப்பு பூசிய மறுமுனை நுழையவே கூடாது. லேத்தின் வெட்டுமுனையான இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுக்கும், கேஜ் இறுக்கும். "அண்ணே, டைட்டா வருது" என்று அவர் குரல் கொடுத்தால் மிஷின் நின்றுவிடுகிறது. ஆப்செட்டில் ஐந்து மைக்ரான் கூட்டிவிட்டு ஓட்டுகிறார்கள். தரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அந்தக் குரலுக்கு மிஷின் நிற்கிறதா என்பதுதான். அவசரமாக லாட் போக வேண்டிய நாளில் நிற்காத பட்டறைகளும் இதே வட்டாரத்தில் உண்டு.

சரக்கின் மேல் ஊர்ப் பெயர் மாறுவதை இந்தப் பக்கத்துக்காரர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். 1965-இல் ஆவடியிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு. பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் தரத்துக்கான டெமிங் விருது வாங்கியபோது, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். விருது ஜப்பானுடையது, டெமிங் அமெரிக்கர். 1950-இல் அவர் ஜப்பானுக்குப் பாடம் நடத்தப் போனபோது 'ஜப்பான் சாமான்' என்றாலே மட்டம் என்று உலகம் சிரித்துக்கொண்டிருந்தது. சுந்தரம் பாஸ்னர்ஸ் 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அமெரிக்கக் காரைத் திறந்தவர்களில் எத்தனை பேர் மூடியின் ஊரைக் கேட்டிருப்பார்கள்?

அப்படியானால் 'லோக்கல்' என்பது வெறும் வசவா? அதுவும் இல்லை. மூலையில் ஒரு சாக்குப்பை நிறைய வேறு புஷ்கள் கிடந்தன. ஒரு வியாபாரியின் ஆர்டர். அவர் ட்ராயிங் கொடுக்கவில்லை. வண்டியிலிருந்து கழற்றிய பழைய புஷ்ஷைக் கொடுத்து "இதே மாதிரி" என்றிருக்கிறார். ஓடி ஓடித் தேய்ந்த துளை 20.12 இருந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துப் புதிதாகக் கடைந்து கொடுக்க வேண்டும். ஈ.என்.8-க்குப் பதில் சாதா மைல்ட் ஸ்டீல், ஹீட் ட்ரீட்மென்ட் கிடையாது, கேஜ் பிடிக்க ஆள் கிடையாது, ஏனென்றால் அதற்கு ரேட் கிடையாது. அதே லேத்து, அதே செட்டர், அதே தெரு. எனக்குச் சங்கடமாக இருந்தது, முதலாளிக்கு இல்லை. "கம்பெனி பில் 90 நாள் கழிச்சு வருது சார். இவர் கையில காசு வச்சுட்டுப் போறாரு. சனிக்கிழமை கூலி எதுல குடுக்கிறது?"

கிளம்பும்போது கேட்டேன், அவருடைய சொந்தக் காருக்கு எந்த புஷ் போடுவார் என்று. கார் அதே கம்பெனி, அதே மாடல். மேசையில் குவிந்திருப்பதில் இரண்டு எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். எடுக்க முடியாதாம். ட்ராயிங் கம்பெனியுடையது, ஒவ்வொரு பீஸுக்கும் கணக்கு, வெளியே ஒன்று போனாலும் ஆர்டர் போய்விடும். ஆகவே அவரும் கடைக்குப் போய், கம்பெனிப் பெட்டியில், தான் வாங்கும் கூலியைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்கி வருகிறார். "பில் போட்டுத்தான் வாங்குவேன்" என்றார். "டூப்ளிகேட் மாட்டிட்டா?"