கதைக்கு அழுத கண்கள்



ஒரு காரியத்தை மறைக்காமல் உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன். தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு பெண்ணுக்காகக் கண்ணீர் விட்ட நான், அதே நாட்களில் என் சொந்த மகளின் கண்ணீரைக் காணாதிருந்தேன்.

நாங்கள் குடியிருப்பது கொல்கத்தாவின் டாலிகஞ்சில். வங்காளத் திரைப்படங்களும் தொடர்களும் உருவாகும் படப்பிடிப்புத் தளங்கள் நிறைந்த பகுதி இது. இங்குள்ள மெட்ரோ நிலையத்துக்கே நடிகர் உத்தம் குமாரின் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். 1937-ல் வெளிவந்த நம் தமிழ்ப் படமான அம்பிகாபதியும் கல்கத்தாவில் படமாக்கப்பட்டதே.

தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டுக்குள் அனுமதியாத குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. எங்கள் வீடும் அப்படியே. ஆனால் கீழ்த்தளத்தில் வசிக்கும் வீட்டு உரிமையாளரான வங்காளத்து அம்மையாரிடம் அது இருந்தது. விதவையான அவரை நாங்கள் மாசிமா என்று அழைப்போம். வங்க மொழி பழகலாமே என்ற சாக்கில் மாலையில் அவரோடு உட்காரத் தொடங்கினேன். 2017-ல் தொடங்கிய ராணி ராஸ்மணியின் சரித்திரத் தொடர் அப்போது வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. மீனவர்கள்மேல் ஆங்கிலேயர் வரி சுமத்தியபோது, ஆற்றின் ஒரு பகுதியையே குத்தகைக்கு எடுத்துச் சங்கிலியால் மறித்தவர் அவர் என்று இந்த ஊரார் பெருமையோடு சொல்லுவார்கள். ராணிக்குத் தீங்கு நினைக்கும் பாத்திரம் திரையில் தோன்றினால் மாசிமா வாய்விட்டுத் திட்டுவார். நானும் சேர்ந்துகொள்வேன். குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாய் முடித்துவிட்டுக் கீழே இறங்கிய மாலைகளும் உண்டு. அது என் தவறே.

2020-ஆம் ஆண்டு வந்தது. கூடுகைகள் நின்றுபோயிருந்த நாட்கள். படப்பிடிப்புகளும் நின்று, மீண்டும் தொடங்கியிருந்தன. அவ்வாண்டு ஒரே பெண்மணியின் வாழ்க்கையை இரண்டு அலைவரிசைகள் போட்டியிட்டுத் தொடராக ஒளிபரப்பின. அவர் டாக்டர் காதம்பினி கங்குலி. 1883-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகள் இருவரில் அவர் ஒருவர். மற்றவரான சந்திரமுகி பாசு ஒரு கிறிஸ்தவப் பெண் என்பதும், பிற்காலத்தில் பெத்யூன் கல்லூரியின் முதல்வரானார் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு தொடரில் சோலங்கி ராயும் மற்றதில் உஷசி ராயும் காதம்பினியாக நடித்தார்கள். எங்கள் தெருவில் அதுவே பேச்சாயிற்று. இவரே உண்மையான காதம்பினி என்றார்கள் சிலர். இல்லை, அவரே என்றார்கள் வேறு சிலர். பவுலின் பெயராலும் அப்பொல்லோவின் பெயராலும் பிரிந்து நின்ற கொரிந்து சபையை எண்ணி நான் நகைத்தேன். ஆனால் நானும் ஒரு கட்சியில்தான் இருந்தேன்.

மெய்யான காதம்பினி பட்ட பாடு நாடகத்தைவிடக் கொடியது. மருத்துவம் படித்துத் தொழில் செய்த காரணத்தால் 1891-ல் ஒரு வங்காளப் பத்திரிகை அவருடைய நடத்தையையே இழிவாக எழுதிற்று. வழக்குத் தொடுத்தார்கள், பத்திரிகையாசிரியருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனையும் நூறு ரூபாய் அபராதமும் கிடைத்தது.

அந்த நாட்களில் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். தமிழ்நாட்டில் நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய வாஞ்சை. அதற்காக உபவாசித்து ஜெபித்தும் இருந்தாள். ஊரிலிருந்து என் கணவரின் மூத்த சகோதரர், "இரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு யார் வரன் கொடுப்பார்கள்?" என்று தொலைபேசியில் கேட்டார். நான் மறுப்புச் சொல்லவில்லை. நான்கு பேர் என்ன சொல்லுவார்களோ என்ற பயம். "இங்கேயே ஏதாவது படி" என்று மகளிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு மாலை, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று காதம்பினியை உறவினர்கள் நையாண்டி செய்யும் காட்சி. எனக்குக் கோபம் மூண்டது. "இவர்களும் மனுஷர்தானா? பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறார்களே!" என்று உரத்த குரலில் சொன்னேன். என்னைச் சாப்பிட அழைக்க வந்த மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் கோபப்படவில்லை. "அம்மா, அவர்களும் உங்களைப் போலப் பயந்துதான் சொல்லியிருப்பார்கள்" என்று மாத்திரம் மெதுவாகச் சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனாள்.

பிரியமானவர்களே, அந்த இராத்திரி எனக்கு உறக்கமில்லை. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் வந்த நாளை ஆவியானவர் எனக்கு நினைப்பூட்டினார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பறித்த கதையைக் கேட்டுத் தாவீது கொதித்தெழுந்தான். கதையின் பாத்திரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அவனுக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. உரியாவின் வீட்டைக் குலைத்த மனுஷன் தானே என்பதை நாத்தான் சொல்லும்வரை உணரவில்லை. கதையைக் கேட்டு அவன் நியாயத்துக்காகக் கோபப்பட்டது குற்றமல்ல. அந்தக் கோபம் அவன் அரண்மனைக்குள் திரும்பாமற்போனதே குற்றம்.

நான் முழங்காற்படியிட்டு அழுதேன். விடிந்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். கணவரோடு மனம் விட்டுப் பேசினேன். கலியாணத்துக்கென்று சேர்த்த பணத்திலிருந்து படிப்புக்குக் கட்டணம் செலுத்தினோம். ஊரார் பேசாமலில்லை. ஆனாலும் கர்த்தர் வழியை வாய்க்கப்பண்ணினார். இன்று அவள் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியும் செய்கிறாள்.

2021-ல் ராணி ராஸ்மணி மரிக்கும் காட்சி வந்தது. அவர் 1861-ல் மரித்தார் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் மாசிமா தேம்பித் தேம்பி அழுதார். இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் டௌன்டன் ஆபி என்ற தொடரின் கதாநாயகன் விபத்தில் மரித்தபோது, பண்டிகை நாளில் இப்படிச் செய்யலாமா என்று அங்குள்ளோர் கொதித்தார்கள். அது எதிர்பாராத மரணம். இதுவோ அனைவரும் அறிந்த முடிவு. பின் ஏன் இந்த அழுகை? முன்பென்றால் நான் சிரித்திருப்பேன். அன்று அவர் கையைப் பற்றிக்கொண்டு கேட்டேன். தம் கணவரின் கடைசி நாட்களைப்பற்றி அவர் பேசத் தொடங்கினார். இத்தனை வருஷம் அருகில் உட்கார்ந்திருந்தும் நான் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை. அவருடைய சம்மதத்தோடு அவருக்காக ஜெபித்துவிட்டு வந்தேன்.

தொடர்களைப் பாருங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. பார்க்கிற சகோதரியை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கவும் எனக்குத் தகுதியில்லை. ஆனால் கதையில் வரும் ஒருவருக்காக உங்கள் கண் கலங்கும்போது, சற்றே தலையைத் திருப்பி வாசற்படியைப் பாருங்கள். அங்கே உங்கள் வீட்டுப் பிள்ளை நின்றுகொண்டிருக்கக்கூடும்.

கல்லான இருதயத்தை மாற்றுகிற தேவன் நம் கண்களையும் திறப்பாராக. ஆமென்.