பயந்து ஒளித்த கடதாசி

ஊர்காவற்றுறையில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்தவர். இடியப்பமும் சம்பலும் விற்றே இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அன்று அவருடைய அடுப்பு எரியவில்லை.

"பிள்ளை, சுகாதாரப் பரிசோதகர் வந்து எல்லாத்தையும் பார்த்து எழுதினவர். கடையைப் பூட்டப் போகினமோ?" என்றவர், அரிசிப் பானைக்குள் இருந்து ஒரு கடதாசியை எடுத்துத் தந்தார்.

பெயர் எழுதிக்கொண்டு போகிறவர்களைக் கண்டு நடுங்கிய காலம் எங்களுடையது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. இருவருமாக இருந்து வாசித்தோம். குறைகள் மூன்றுதான். கிணற்றுக்குக் குளோரின் இடவேண்டும். பலகாரங்களை மூடி வைக்கவேண்டும். சமைப்பவர் மருத்துவச் சான்றிதழ் பெறவேண்டும்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே?" என்று கேட்டார். நெருப்புக்காய்ச்சல் கிருமி, சுகமாகத் தெரிகிற ஒருவரின் கையாலும் உணவில் சேரும். அதற்காகவே பரிசோதனை என்றேன். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம் என்பது உண்மை. ஆனால் கடையைப் பூட்டுவதற்குப் பொதுவாக நீதிமன்றக் கட்டளை வேண்டும். குறையைத் திருத்துகிறவர் ஏன் பயப்படவேண்டும்?

மறுமுறை பரிசோதகர் வந்தபோது அக்கா கதிரை எடுத்துப் போட்டு, "ஐயா, எழுதினதை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றாராம்.

சகோதரிகளே, கடதாசியை ஒளிக்காதீர்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். அதில் இருப்பது உங்கள் கடையில் சாப்பிடும் பிள்ளைகளின் சுகம்.