ஆறு வித்தியாசங்கள்

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் நான் தோற்ற வழக்குகள் சில உண்டு. தோற்றும் கட்சிக்காரர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனது ஒன்றில்தான்.

அவருக்குக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில். வாராவாரம் வந்த ஒரு மாயாஜாலத் தொடருக்கு ரசிகர். கைதட்டுகிற ரசிகர் இல்லை. கடை மூடியதும் நாலு சேக்காளிகளோடு உட்கார்ந்து எழுத்தாளரைத் தோலுரிக்கிறவர். முதல் வாரத்திலேயே அந்தத் தொடரில் ஒரு விதி சொல்லியிருந்தார்கள்: நாயகியின் தாயத்து கேட்டதையெல்லாம் தரும், செத்தவரை மட்டும் எழுப்பாது. பிறகு அவளுடைய அண்ணனைச் சாகடித்தார்கள். நம் ஆள் தயாரிப்பாளர்களுக்குப் பதினோரு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அண்ணனைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆனால் விதியை மீறாமல். எரிந்தது அண்ணன் இல்லை, அவன் உருவத்தில் வந்த மந்திரவாதியின் கையாள். அதற்கு மூன்று தடயங்கள் பழைய வாரங்களிலேயே கிடக்கின்றன என்று வாரம் வாரியாகக் காட்டியிருந்தார்.

நாலு மாதத்தில் அண்ணன் திரையில் வந்து நின்றான். ஒப்புகை அட்டையோடு இவர் என் அலுவலகத்தில் வந்து நின்றார்.

"யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது அண்ணாச்சி" என்றேன். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கையும் சொன்னேன். 1956-இல் வந்த 'நியூ டெல்லி' படம் தன் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகம்தான் என்று வழக்காடியவர் அவர். இரண்டிலும் பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், நடுவில் காதல். (படத்தில் மதராஸிப் பெண் நம் வைஜயந்திமாலா.) 1978-இல் உச்ச நீதிமன்றம், கருத்து யாருக்கும் சொந்தமில்லை, சொன்ன விதத்துக்குத்தான் பாதுகாப்பு என்றது. ஆனந்த் தோற்றார்.

அண்ணாச்சி மசியவில்லை. எனக்கும் ஒரு நப்பாசை. 'பாபிலோன் 5' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கி, ரசிகர்களோடு நேரடியாக மல்லுக்கு நிற்பவர். நினைவழிக்கப்பட்ட கொலைகாரன் துறவியாகும் கதை ஒன்று அவரிடம் இருந்தது. அதை ஒத்த யோசனையை ஒரு ரசிகர் சொல்லிவிட, வம்பு எதற்கு என்று கதையையே ஓரமாக வைத்துவிட்டார். உரிமை கோரமாட்டேன் என்று அந்த ரசிகர் எழுதிக்கொடுத்த பிறகுதான் 1995-இல் அது ஒளிபரப்பானது. அங்கே அப்படிப் பயப்படுகிறார்கள். இங்கே ஒரு கையெழுத்தும் வாங்காமல் கடிதத்தைப் பிரித்துவிட்டார்களே என்று வழக்குப் போட்டேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, வாதி குடியிருக்கும் ஊரிலேயே போட விடுகிறது.

குறுக்கு விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு மூத்த வக்கீல் வந்தார். குரலே உயர்த்தவில்லை.

"உங்க கடிதத்தை ஒரு மாத்தமும் இல்லாம அப்படியே எடுத்துட்டாங்க, இல்லையா?"

"அப்படியே எடுத்திருந்தா நான் எதுக்குய்யா கோர்ட்டுக்கு வாறேன்?"

பேனாவை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி நீதிபதி பக்கம் திரும்பிவிட்டார். "கையாள் எங்கய்யா? மூணு தடயத்துல ஒண்ணு உண்டா? மின்னல் வெட்டுது, அண்ணன் வாறான், அம்மை அழுதா, முடிஞ்சுபோச்சு. அப்போ அந்தத் தாயத்து விதி என்னாச்சு? பல்சக்கரத்த உருவிட்டு முள்ள மட்டும் மாட்டுனா கடிகாரம் ஓடுமா?" வாரப் பத்திரிகைப் புதிர் மாதிரி ஆறு வித்தியாசம் சொன்னார். ஆட்சேபிக்க எனக்கு என்ன இருக்கிறது? ரசிகராக அவர் சொன்னது அத்தனையும் நியாயம். வாதியாக அத்தனையும் அவரே வெட்டிக்கொண்ட குழி. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கேள்வியே கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை. ஆறு வித்தியாசங்களும் தீர்ப்பில் வரிசையாக ஏறியிருந்தன. மேல்முறையீடு வேண்டாம் என்றவர், அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார்.