வெள்ளுடையும் நிறமும்

தாதியர் கல்லூரியில் பயின்று வெளியேறும் ஒருத்தி, புண்ணுக்கு நிறமில்லை என்பதைக் கற்றே வெளியேறுகிறாள். ஆயின், 1941இல் அமெரிக்கத் தரைப்படை தன் தாதியர் அணியிற் கறுப்பினப் பெண்களுக்கு ஒதுக்கிய இடங்கள் 56 மட்டுமே. சேர்ந்தோருட் சிலர் ஜேர்மனியப் போர்க்கைதிகளைப் பராமரிக்க அனுப்பப்பட்டனர். பகைவனின் புண்ணைக் கழுவத் தகுந்த கை, சொந்த நாட்டு வெள்ளை வீரனைத் தொடத் தகாததென எண்ணப்பட்டது!

1945 ஜனவரியில், தாதியர் போதாரெனக் கட்டாய ஆட்சேர்ப்பை முன்மொழிந்தார் ஜனாதிபதி றூஸ்வெல்ற். வாயிலிற் காத்து நிற்போரை மறுத்துவிட்டுக் கட்டாயம் எதற்கென வினவினார், தாமும் தாதியாய்ப் பயின்ற மேபல் ஸ்ரோப்பேர்ஸ். மக்கள் குரலும் எழுந்தது; அம்மாதமே அவ்வரையறை நீங்கிற்று. ஆனால், அந்நான்கு ஆண்டுகளும் வாளாவிருக்க நேர்ந்த கைகளுக்காகக் காத்துத் துன்புற்ற வீரருக்கு விடை கூறுவோர் யார்?