அக்கா மகளின் ‘பக்கத்து காலேஜ்’

கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு மார்ச் மாதம் போயிருந்தேன். கோல்டன் கேட் பாலத்தில் காற்று என் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. ஆப்பிள் தலைமையகத்துக்கு எதிரே நின்று போட்டோவும் எடுத்தாயிற்று. “இன்னைக்கு என் காலேஜுக்கு வாங்க மாமா” என்றாள் அக்கா மகள். “அங்க பார்க்க என்னடி இருக்கு?” என்றாள் அக்கா.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பள்ளி முடித்ததும் அவளுக்குத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. அதே மாதம் அத்தானுக்கு வேலை போனது. இடத்தை வேண்டாமென்று எழுதிவிட்டு, குப்பர்டினோவில் உள்ள டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் பொருளாதாரம் சேர்ந்துவிட்டாள். ஊரில் யார் கேட்டாலும் அக்கா, “பக்கத்துலதான் படிக்கிறா” என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

காரில் பதினைந்து நிமிடம். உள்ளே நுழைந்ததும் சிவப்பு ஓட்டுக் கூரைகள், நிழல் நடைகள். 1967-ல் கல்லூரி தொடங்குவதற்கு முன் இது ஒரு பணக்காரரின் திராட்சைத் தோட்ட எஸ்டேட். 1890-களில் கட்டிய அவருடைய மாளிகை இன்னும் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. இப்போது அது கலிஃபோர்னியா வரலாற்று மையம். 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்கிண்டாஷை உலகத்துக்குக் காட்டியதும் இந்த வளாகத்திலிருந்த ஃப்ளின்ட் சென்டர் அரங்கில்தான். அவருடைய கூட்டாளி வாஸ்னியாக் இங்கே படித்துவிட்டு பெர்க்லிக்கு மாறியவர். “இதை அம்மாகிட்ட சொன்னியா?” என்றேன். “நாலு தடவை சொல்லிட்டேன்.”

நம் ஊரில் ‘சமுதாயக் கல்லூரி’ என்றால் தையலும் கம்ப்யூட்டர் டிப்ளமோவும்தான் நினைவுக்கு வரும். இங்கே தொழிற்படிப்புகளோடு, பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடத்தையும் படிக்கலாம். மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறினால், பட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். 1960-ல் கலிஃபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டம் போட்டுக்கொடுத்த பாதை இது.

கட்டணத்தைக் கேட்டபோதுதான் எனக்கு வாய் பிளந்தது. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 31 டாலர். மாறுவதற்குத் தேவை 90 யூனிட். மொத்தம் 2,790 டாலரில் பாதிப் பட்டம்! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல். (இங்கிருந்து விசாவில் போகும் பிள்ளைகளுக்கு இந்த விலை கிடையாது, பல மடங்கு அதிகம்.)

“முதல் வகுப்புலேயே வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு சொல்லித்தந்தாங்க மாமா. ஒண்ணை எடுக்கும்போது எதை விடுறோமோ, அதுதான் அதோட நிஜமான விலை.”

“நீ எதை விட்ட?”

“ஹாஸ்டல்” என்றாள். கூடப் படித்தவர்கள் நள்ளிரவு பிறந்தநாள் படங்களாகப் போட்டுத்தள்ளும்போது, இவள் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுவாள். பருவத்துக்குப் பன்னிரண்டே வாரம். பக்கத்து சீட்காரரின் பெயர் தெரிவதற்குள் பரீட்சை வந்துவிடுமாம்.

இதில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய விஷயமும் உண்டு. இங்கே படித்த எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோ, மேக்ரோ, கால்குலஸ் என்று கேட்டதை முடிக்காவிட்டால் விண்ணப்பம் பலவீனம். ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை முடித்தவர்களுக்கு இடம் நிச்சயம் என்று முன்பே உறுதி தருகின்றன. ஆனால் ஒரு வளாகத்திடம்தான் அந்த உறுதியைக் கேட்கலாம். இவள் டேவிஸைக் கேட்டிருக்கிறாள். ஆசைப்படுவதோ பெர்க்லிக்கு. அது அந்த ஆறில் இல்லை. ஏப்ரல் கடைசிக்குள் தெரியும். போன பருவத்தில் கால்குலஸில் வாங்கிய ‘பி’ அவளைத் தூங்கவிடவில்லை.

மாலை ஆறு மணிக்கு நம் ஊர்க் காலேஜ் பூட்டிக் கிடக்கும். இங்கே பார்க்கிங்கில் இடமில்லை. அவளுக்கு வகுப்பு இருந்ததால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைச் சீருடையைக் கழற்ற நேரமில்லாமல் ஓடிவந்த ஓர் இளைஞர், நரைத்த தலையோடு என் வயதுப் பெண்மணி, காதில் ஹெட்போனோடு சின்னப் பையன்கள் என்று எல்லோரும் ஒரே அறைக்குள் போனார்கள். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்மணி இவளை நிறுத்தி ஏதோ கணக்கு கேட்டார். நடைபாதையிலேயே நோட்டை விரித்து இருவரும் கால் மணி நேரம் நின்றார்கள். நான் குளிரில் நடுங்கினேன். அவளோ கவனிக்கவே இல்லை.

அன்றிரவு பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா வீடியோவில் வந்தார். “பிள்ள எங்க படிக்கா?” அக்கா போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா மகள் என்னையே பார்த்தாள்.

“டி ஆன்சா காலேஜ், பெரியம்மா. பொருளாதாரம்.”

“அது எங்கல இருக்கு?”

“வீட்டுலேர்ந்து பதினஞ்சு நிமிஷம்.”

“அப்பம் தினம் வீட்டுச் சோறுன்னு சொல்லு. நல்லதாப் போச்சு” என்றார் பெரியம்மா. அடுத்து, எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.